காதல் நகைச்சுவையில் காணாமற்போன வீடு

காதல் நகைச்சுவைப் படம் என்றாலே முடிவு முன்கூட்டித் தெரிந்ததுதான் என்பது பொதுவான எண்ணம். இருவர் சந்திப்பார்கள், முட்டிக்கொள்வார்கள், பிரிவார்கள், கடைசியில் சேர்வார்கள். இந்த வரிசையில் முதல் மூன்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டு நான்காவதில் கைவிரித்துவிடும் படங்கள் கடந்த 30 ஆண்டுகளாகப் பெரிய ஸ்டூடியோக்களுக்கு வெளியே, அல்லது அவற்றின் ஓரத்தில், சிறு முதலீட்டில் வந்துகொண்டிருக்கின்றன. முன்பின் அறியாத இரண்டு இளைஞர்கள் ஏதோ ஒரு தற்செயலால் ஒன்றாக மாட்டிக்கொள்கிறார்கள், ஒரு பகலோ ஓர் இரவோ ஊரைச் சுற்றுகிறார்கள், ஓயாமல் பேசுகிறார்கள், விடிந்ததும் அவரவர் வழியில் போகிறார்கள். பிறகு சேர்ந்தார்களா என்ற கேள்வியைப் படம் அப்படியே விட்டுவிடுகிறது. மூடாத இந்த முடிவை விமர்சகர்கள் முதிர்ச்சி என்று பாராட்டுவது வழக்கம்: வாழ்க்கையில் எதுவும் முடிச்சுப் போட்டு முடிவதில்லை, இப்படங்கள் அந்த உண்மைக்கு விசுவாசமாக இருக்கின்றன என்பது அவர்கள் வாதம். இக்கட்டுரையின் வாதம் வேறு. நகைச்சுவை நாடகம் முடிவதற்கு ஒரு வீடு வேண்டும். இப்படங்களின் காதலர்களுக்கு அந்த வீடு கிடைப்பதில்லை. அதனால்தான் இவை முடியாமல் நிற்கின்றன. இதை மிகத் தெளிவாகக் காட்டுவது, பிற்காலத்தில் 'மூன்லைட்' படத்தால் உலகப் புகழ்பெற்ற பாரி ஜென்கின்ஸ் சுமார் 15,000 டாலர் செலவில் எடுத்து 2008-இல் வெளிக்கொண்டுவந்த முதல் படமான 'மெடிசின் ஃபார் மெலன்கொலி'.

கனடிய விமர்சகர் நார்த்ராப் ஃப்ரை 1957-இல் வெளியிட்ட 'அனாடமி ஆஃப் கிரிட்டிசிசம்' என்ற நூலில் நகைச்சுவை நாடகத்தின் எலும்புக்கூட்டை வரைந்து காட்டினார். கிரேக்க, ரோமானிய மேடை தொடங்கி இன்றுவரை கதை ஒன்றுதான்: ஓர் இளைஞன் ஒரு பெண்ணை விரும்புகிறான்; தந்தையோ தந்தையின் இடத்திலிருக்கும் ஒரு முதியவரோ குறுக்கே நிற்கிறார்; தடை விலகுகிறது; திருமண விருந்தோடு ஒரு புதிய சமூகம் உருவாகிறது. ஷேக்ஸ்பியரின் சில நாடகங்களில் இதற்கு நடுவே இன்னொரு கட்டம் உண்டு. காதலர்கள் ஊர்ச் சட்டம் எட்டாத ஒரு காட்டுக்குள் போகிறார்கள். குழப்பமெல்லாம் அங்கே தெளிந்தபின் ஊர் திரும்புகிறார்கள். ஃப்ரை இக்காட்டைப் பசுமை உலகம் என்று அழைத்தார். இந்தச் சட்டகத்தைப் பற்றிப் பேசுபவர்கள் தடையையும் காட்டையும் கவனிக்கும் அளவுக்கு விருந்து நடக்கும் இடத்தைக் கவனிப்பதில்லை. விருந்து எங்கோ ஓரிடத்தில் நடந்தாக வேண்டும். சேர்ந்தவர்கள் எங்கோ ஓரிடத்தில் குடியேறியாக வேண்டும். மகளைத் தர மறுக்கும் தந்தையின் அதிகாரமும், கூர்ந்து பார்த்தால், தன் வீட்டு வாசலைத் தாண்டி யார் உள்ளே வரலாம் என்று முடிவுசெய்யும் அதிகாரம்தான். காதலைப் பேசுமுன் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்துக்கொண்ட தொல்காப்பியத்தின் வாசகர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

அந்நியர் இருவர் ஒன்றாக மாட்டிக்கொள்ளும் அமெரிக்கக் கதையின் முன்மாதிரியாகிய 'இட் ஹேப்பண்ட் ஒன் நைட்' (1934) இதற்கு நல்ல சான்று. ஃபிராங்க் காப்ரா இயக்கி, முதன்மையான ஐந்து ஆஸ்கர் விருதுகளையும் வென்ற படம் அது. கோடீஸ்வரரின் மகள் ஒருத்தியும் வேலை போன பத்திரிகையாளன் ஒருவனும் மயாமியிலிருந்து நியூயார்க் செல்லும் பேருந்தில் அடுத்தடுத்து உட்கார நேர்கிறது. மழையில் வழி தடைப்படுகிறது. கையில் காசு குறைவு. கணவன் மனைவி என்று பெயர் கொடுத்து வழிப்போக்கர் விடுதியில் ஒரே அறை எடுக்கிறார்கள். இரண்டு கட்டில்களுக்கும் நடுவே கயிறு கட்டிப் போர்வையைத் தொங்கவிடுகிறான் அவன். பெருமந்தக் காலத்தில் எடுக்கப்பட்ட இப்படத்தில் காதல் வளர்வதே ஓர் இரவு வாடகைக்கு எடுத்த கூரையின் கீழ்தான். கடைசியில் தந்தை மனம் இளகி மகளின் விருப்பத்துக்குத் துணைநிற்கிறார், திருமணம் நடக்கிறது, மறுபடி ஒரு விடுதி அறையில் அந்தப் போர்வை விழுகிறது. 11 ஆண்டுகள் கழித்து வின்சென்ட் மின்னெல்லி இயக்கிய 'தி கிளாக்' படத்தில், 48 மணிநேர விடுப்பில் வந்த படைவீரன் ஒருவன் நியூயார்க்கின் பென் ரயில் நிலையத்தில் ஒரு பெண்ணைச் சந்திக்கிறான். போர்க்காலத்தில் நியூயார்க்கில் படமெடுக்க வழியில்லாததால் அந்த ரயில் நிலையத்தையே கலிஃபோர்னியாவில் அரங்கமாகக் கட்டினார்கள். அங்கே தடையாக நிற்பது அரசு அலுவலகங்களின் படிவங்களும் முத்திரைகளும் தீர்ந்துகொண்டிருக்கும் விடுப்பும். இரண்டு படங்களிலும் தடை வெளிப்படையாகத் தெரிகிறது, கடக்கப்படுகிறது, கடந்ததும் கதை முடிகிறது.

இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் மேலை நாட்டு நகரத்து இளைஞர்களின் கதைகளில் இத்தகைய தடைகள் பெரும்பாலும் வலுவிழந்தன. தந்தையின் சம்மதம் தேவைப்படவில்லை; திருமணத்துக்கு முன் கூடுவதை ஒளிக்க வேண்டியதில்லை; மணவிலக்கு எளிதாயிற்று. காதல் நகைச்சுவை என்ற வகையே இதனால் செத்துவிட்டது, தடுக்க ஆளில்லாத காதலில் நாடகம் ஏது என்று கேட்பவர்கள் உண்டு. தடை போய்விட்டது என்ற அவர்களது கணிப்பு அவசரமானது. தடுப்பவர் என்ற ஆள் போயிருக்கிறார். அவர் காவல்காத்த வாசல் அங்கேயேதான் இருக்கிறது, இப்போது அதைத் திறப்பதும் மூடுவதும் வாடகை. ஆளாக இருந்த தடையோடு வாதாடலாம், அதன் மனத்தை மாற்றலாம், ஐந்தாம் அங்கத்தில் விருந்துக்கு அழைக்கலாம். நிலத்தின் விலையாக மாறிவிட்ட தடையை எந்த வசனமும் இளக்காது. இந்த மாற்றத்தைக் காட்டுவதற்குச் சிறு முதலீட்டுப் படமே ஏற்ற களமாக அமைந்தது; அது எடுக்கப்படும் தெருக்களும் கதை நடக்கும் தெருக்களும் ஒன்றுதான்.

ஜென்கின்ஸின் படம் மரபான நகைச்சுவையாகவே தொடங்குகிறது. சான் பிரான்சிஸ்கோவில் யாரோ ஒருவர் வீட்டு விருந்தில் முந்திய இரவு கூடிவிட்ட இருவர் காலையில் கண்விழிக்கிறார்கள். ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது. சங்கடத்தோடு ஒரு காலை உணவு, அதைவிடச் சங்கடமான ஒரு பகிர்வு டாக்சிப் பயணம். பெயர் கேட்டவனிடம் அவள் பொய்ப் பெயர் சொல்லிவிட்டு வழியில் இறங்கிப் போய்விடுகிறாள். ஆனால் பணப்பை டாக்சியில் கிடக்கிறது. அதிலுள்ள அடையாள அட்டையிலிருந்து அவளது உண்மைப் பெயர் ஜோஆன் என்று அறிந்துகொண்ட மைகா, சைக்கிளை எடுத்துக்கொண்டு அவளைத் தேடிக் கிளம்புகிறான். பொய்ப் பெயர், தொலைந்த பொருள், துரத்திப் போகும் நாயகன் என எல்லாமே நகைச்சுவை நாடகத்தின் பழைய கருவிகள். வயட் செனாக்கும் டிரேசி ஹெகின்ஸும் இவ்வேடங்களில் நடித்திருக்கிறார்கள். ஒளிப்பதிவாளர் ஜேம்ஸ் லாக்ஸ்டன் வண்ணத்தை ஏறக்குறைய முழுவதும் வடித்தெடுத்து, கறுப்பு வெள்ளைக்குச் சற்று இப்பால் நிறுத்தியிருக்கிறார். அடுத்த 24 மணிநேரத்தை இருவரும் சைக்கிளிலும் நடந்தும் கழிக்கிறார்கள். மறுநாள் காலை அவள் தன் சைக்கிளில் ஏறிப் போய்விடுகிறாள், படம் முடிகிறது. யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. ஒரு பெற்றோர்கூடத் திரையில் தோன்றுவதில்லை.

தடை எங்கே இருக்கிறது என்பதை இருவரது முகவரிகள் சொல்லிவிடுகின்றன. ஜோ எனப்படும் ஜோஆன் வசிப்பது நகரின் வடக்குக் கரையில், வசதியானவர்கள் வாழும் மரீனா பகுதியில். அந்த அடுக்ககம் அவளுடையதன்று. அப்போது லண்டனுக்குப் போயிருக்கும் அவளது காதலனுடையது. அவன் கலைக்கூடங்களில் பணிபுரியும் ஒரு வெள்ளையன். மைகா இருப்பது டெண்டர்லாயினில். பழைய ஒற்றை அறை விடுதிகளும் வீடற்றோருக்கான நிவாரண நிலையங்களும் நெருக்கியடித்து நிற்கும் மையப் பகுதி அது. மீன்தொட்டிகள் அமைத்துத் தருவது அவன் தொழில். அவனது வீடு ஒரே ஒரு சிறிய அறை. இரண்டு முகவரிகளுக்கும் இடையே மூன்று கிலோமீட்டர் சொச்சம்தான் தூரம். அவன் அதே ஊரில் பிறந்து வளர்ந்தவன், அவள் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவள். ஊர்க்காரனுக்குக் கிடைத்த அறை அதுவென்றால் வந்தவளுக்குக் கிடைத்தது ஜன்னல் நிறைய வெளிச்சம் வரும் வீடு. இருவரும் கறுப்பினத்தவர் என்பதால் வர்க்கம், இனம் இரண்டில் எது அவர்களைப் பிரிக்கிறது என்ற கேள்விக்கு எளிய விடை கிடையாது. அவர்கள் மாறி மாறி ஒருவர் வீட்டுக்கு மற்றவர் செல்லும் காட்சிகளைப் படம் நிதானமாக எடுத்துக்கொள்கிறது. இன்னொருவனின் பொருள்கள் நிறைந்த அறையில் எங்கே உட்காருவது என்று தெரியாத விருந்தாளியின் உடல்மொழி, எந்த வசனத்தைவிடவும் துல்லியமாக மைகாவின் நிலையைச் சொல்கிறது.

மைகா திரும்பத் திரும்பச் சொல்லும் ஓர் எண், நகர மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் 7 விழுக்காடு என்பது. 1970-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்த விகிதம் 13-க்கும் மேல். 2000-இல் 8-க்குக் கீழே இறங்கியிருந்தது. 2010-இல் 6-ஐ ஒட்டி வந்துவிட்டது. இந்தச் சரிவு தானாக நேர்ந்ததில்லை. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டதால் காலியான ஃபில்மோர் பகுதியில், கப்பல் கட்டும் தளங்களில் வேலைசெய்ய வந்த கறுப்பினத் தொழிலாளர்கள் குடியேறினார்கள். ஜாஸ் இசைக்கூடங்களால் புகழ்பெற்ற அப்பகுதியை 1950-களிலிருந்து நகரின் மறுசீரமைப்பு முகமை 'பாழடைந்த பகுதி' என்று அறிவித்து, வீடுகளை வாங்கி இடித்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெளியேறின. பலருக்குத் திரும்பி வர வழியே இருக்கவில்லை. பிறகு வந்த தகவல் தொழில்நுட்ப வளர்ச்சி, எஞ்சியவர்களின் வாடகையை எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோயிற்று. கறுப்பினத்தவர் நகரைவிட்டு வெளியேறுவதை ஆராய நகர நிர்வாகமே 2007-இல் ஒரு பணிக்குழுவை அமைத்தது. அதன் அறிக்கை 2009-இல் வந்தது. படத்தின் உருவாக்கமும் வெளியீடும் இதே ஆண்டுகளை ஒட்டியவை. மைகா தன் ஊரின் மலைகளையும் பனிமூட்டத்தையும் பற்றி உருகிப் பேசிவிட்டு, இந்த அழகில் பங்குகொள்ள ஒருவர் மேல்நடுத்தர வர்க்கமாக இருக்க வேண்டுமா என்று குமுறும்போது, காதலியிடம் பேசுகிறானா ஊரிடம் பேசுகிறானா என்பது பிரித்தறிய முடியாததாகிவிடுகிறது.

ஃப்ரையின் பசுமை உலகம் இப்படத்தில் உண்டா என்று தேடினால் கிடைக்கும் விடை சுவையானது. இருவரும் நெருங்குவது யெர்பா புவேனா தோட்டப் பகுதியில். அருகிலுள்ள ஆப்பிரிக்கப் புலம்பெயர் மக்களின் அருங்காட்சியகத்துக்குப் போகிறார்கள். நீர்வீழ்ச்சிக்குப் பின்னே அமைந்த மார்ட்டின் லூதர் கிங் நினைவிடத்தில் நிற்கிறார்கள். குழந்தைகளைப்போலக் குடைராட்டினத்தில் சுற்றுகிறார்கள். வேலை, வாடகை, காதலன் எதுவும் எட்டாத ஒரு மதியம். ஷேக்ஸ்பியரின் காட்டுக்கு இணையான இடம். ஆனால் இந்தத் தோட்டம் எப்படி வந்தது? மார்க்கெட் தெருவுக்குத் தெற்கே மலிவு விடுதி அறைகளில் வாழ்ந்த ஓய்வுபெற்ற தொழிலாளர்களை, ஃபில்மோரை இடித்த அதே முகமை அப்புறப்படுத்தி உருவாக்கிய இடம் அது. அவர்கள் சங்கம் அமைத்து நீதிமன்றம் சென்று போராடியதால்தான் முதியோருக்கான சில குடியிருப்புகளாவது அங்கே கட்டப்பட்டன. அருங்காட்சியகம் 2005-இல் திறக்கப்பட்டது. அது அமைந்திருப்பது ஓர் ஆடம்பர விடுதிக் கோபுரத்தின் கீழ்த்தளங்களில். வெளியேற்றப்பட்ட மக்களின் வரலாற்றைப் பார்க்க, வெளியேற்றத்தால் உண்டான இடத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. ஷேக்ஸ்பியரின் காடு ஊருக்கு வெளியே இருந்தது, அதனால் அங்கிருந்து திருந்திய மனத்தோடு ஊர் திரும்ப முடிந்தது. இவர்களின் காடு ஊரின் திட்ட அலுவலகத்தில் வரையப்பட்டது. அங்கே கிடைக்கும் மகிழ்ச்சி பொய்யாகிவிடவில்லை. அதை வீட்டுக்கு எடுத்துச்செல்லத்தான் வழியில்லை.

படத்தின் நடுவே வரும் ஒரு காட்சி பலரையும் உறுத்தியிருக்கிறது. கதை சட்டென்று இருவரையும் விட்டுவிட்டு, வாடகைக் கட்டுப்பாட்டையும் குடியிருப்போர் உரிமையையும் பற்றி விவாதிக்கும் ஒரு சிறு கூட்டத்துக்குள் நுழைகிறது. பேசுபவர்கள் நடிகர்களைப்போல் பேசுவதில்லை. ஆவணப்படத்தின் தொனி வந்துவிடுகிறது. காதல் கதைக்குள் செருகிய பிரசங்கம் என்பது இதன்மீதான குற்றச்சாட்டு. அழகியல் அளவில் இதை முற்றிலும் மறுக்க இயலாது. காட்சி கதையின் சுருதியிலிருந்து விலகத்தான் செய்கிறது. எனினும் அது எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டும். மரபான நகைச்சுவையில் தடையாக நின்றவர் நேரில் வந்து பேசும் கட்டம் ஒன்று இருக்கும்: தந்தை ஏன் மறுக்கிறார் என்று நாம் கேட்போம். ஜென்கின்ஸ் அந்தக் கட்டத்துக்கு வந்து சேரும்போது பேச வைக்க ஒரு முதியவர் அவரிடம் இல்லை. தடை சட்டமாகவும் சந்தையாகவும் சிதறிக் கிடக்கிறது; அதன் குரலைக் கேட்க ஒரு கூட்டத்துக்குத்தான் போக வேண்டும். அக்காட்சியின் கரடுமுரடு அந்தப் பழைய வடிவம் புதிய தடையைத் தாங்க முடியாமல் விரிசல்விடும் ஓசை என்று கொள்வதே பொருத்தம்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஜோ போய்விடுவதற்குக் காரணம் வாடகையில்லை, அவளுக்கு ஏற்கெனவே ஒரு காதலன் இருக்கிறான். காதல் முக்கோணத்தின் பழைய கதையைப் பொருளாதாரம் என்று ஏன் பெயர்மாற்ற வேண்டும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஜோவுக்கு அக்காதலன்மேல் உண்மையான அன்பு இல்லை என்று படம் எங்கும் சொல்லவில்லை. அவளை வசதிக்காக ஒட்டிக்கொண்டிருப்பவளாகக் காட்டும் மலிவான வழியையும் அது எடுக்கவில்லை. ஆனால் முக்கோணக் கதைகளில் மூன்றாமவன் வந்தாக வேண்டும். மேடையேறி, நாயகனோடு ஒப்பிடப்பட்டு, தோற்றோ வென்றோ போக வேண்டும். இங்கே அவன் வருவதேயில்லை. அவன் ஒரு வீடாக மட்டுமே இருக்கிறான். அவனைப் பற்றி மைகா அறிந்துகொள்வதெல்லாம் அவனது சுவர்களும் ஜன்னல்களும் அவை இருக்கும் பகுதியும்தான். காதலனின் குணத்தைக் காட்டாமல் முகவரியை மட்டும் காட்ட இயக்குநர் தேர்ந்திருக்கிறார் என்றால், ஒப்பீடு எதன்மேல் நடக்க வேண்டும் என்பதையும் அவரே தீர்மானித்துவிட்டார் என்று பொருள்.

தயாரிப்பு அனுபவம் உள்ளவர்கள் இன்னொரு மறுப்பைச் சொல்வார்கள். சிறு முதலீட்டுப் படத்தில் காதலர்கள் தெருத்தெருவாக நடப்பதற்குக் காரணம் தத்துவமன்று, சிக்கனம்; தெருவுக்கு வாடகை கிடையாது, அவ்வளவுதான். இது ஒப்புக்கொள்ளக்கூடியதுபோல் தோன்றினாலும் செலவுக் கணக்கு வேறுவிதமாக இருக்கிறது. கையில் காசில்லாத இயக்குநருக்கு மிக எளிதில் கிடைக்கும் படப்பிடிப்புத் தளம் நண்பர்களின் வீடுதான்; அனுமதி வேண்டாம், ஒலி கட்டுக்குள் இருக்கும், மழை வெயில் பார்க்க வேண்டாம். அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் 'மம்பிள்கோர்' என்று பெயர்பெற்ற சிக்கனப் படங்களைப் பார்த்தால் இது விளங்கும். ஆண்ட்ரூ புஜால்ஸ்கியின் 'ஃபன்னி ஹா ஹா' (2002), ஜோ ஸ்வான்பெர்க்கின் 'ஹன்னா டேக்ஸ் தி ஸ்டேர்ஸ்' (2007) போன்றவை பெரும்பாலும் அறைகளுக்குள், சோபாக்களிலும் கட்டில்களிலும் நடப்பவை. அவற்றின் மாந்தர்கள் ஏற்கெனவே ஒருவரையொருவர் அறிந்த நட்பு வட்டத்தினர். அவர்களுக்குப் போய் உட்கார ஓர் இடம் இருக்கிறது. அந்நியர் சந்திக்கும் கதைகளே தெருவுக்கு வருகின்றன. ஆக, வீட்டுக்குள் அடைந்து கிடப்பதற்கும் வெளியே அலைவதற்கும் இடையிலான தேர்வு முதலீட்டைப் பொறுத்ததில்லை. மாந்தர்களின் உறவைப் பொறுத்தது.

இந்த வகையின் மிகப் புகழ்பெற்ற படைப்பான ரிச்சர்ட் லிங்க்லேட்டரின் முப்படத் தொடர் இவ்வாதத்துக்குப் பெரிய சோதனை. 'பிஃபோர் சன்ரைஸ்' (1995) சிறு முதலீட்டில் எடுக்கப்பட்டாலும் ஸ்டூடியோ ஆதரவு பெற்றது. அதில் வாடகை என்ற பேச்சே இல்லை. ரயிலில் சந்தித்த அமெரிக்க இளைஞனும் பிரெஞ்சுப் பெண்ணும் வியன்னாவில் இறங்கி ஓர் இரவு சுற்றுகிறார்கள். அவனிடம் விடுதி அறைக்குப் பணமில்லை என்பதுதான் இரவு முழுதும் நடப்பதற்கான சாக்கு. இருவரில் யாருக்கும் வியன்னாவில் வீடு கிடையாது, வேண்டியதுமில்லை. பயணிகளுக்கு அந்நகரம் எந்தக் கடமையும் இல்லாத பசுமை உலகம். அதனாலேயே படம் வாக்குறுதியோடு நின்றுவிடுகிறது. ஒன்பது ஆண்டுகள் கழித்து வந்த 'பிஃபோர் சன்செட்' படத்தில் இருவரும் பாரிஸில் மறுபடி சந்தித்து நடக்கிறார்கள். இந்தத் தொடரில் முதன்முறையாக ஒரு வீடு வருவது அதன் கடைசிக் காட்சியில்: அவளது சிறிய குடியிருப்பு. அவன் விமானத்தைத் தவறவிடப்போகிறான், அவர்கள் சேரப்போகிறார்கள் என்று நாம் உறுதிகொள்வதும் அந்த அறையில்தான். 2013-இல் வந்த 'பிஃபோர் மிட்நைட்' படத்தில் குழந்தைகளோடு வாழும் அவர்கள் ஒரு விடுதி அறையில் கொடூரமாகச் சண்டையிடுகிறார்கள். சண்டையின் வேர், அவனது முதல் மணத்து மகன் இருக்கும் சிகாகோவுக்குக் குடிபெயர்வதா பாரிஸிலேயே இருப்பதா என்பது. வீடில்லாதபோது திறந்த முடிவு, வீடு தோன்றும்போது இணைவு, எந்த ஊரில் வீடு என்ற கேள்வி எழும்போது முறிவின் விளிம்பு: 18 ஆண்டுகளில் மூன்று படங்களும் தற்செயலாக இதே வரிசையில் அமைந்திருக்க வாய்ப்புக் குறைவு.

வேறு ஊர்களிலும் இக்கோலம் தெரிகிறது. தமக்குத் தூண்டுகோலாக இருந்தது என்று ஜென்கின்ஸ் குறிப்பிட்ட கிளேர் டெனியின் 'வாந்த்ரதி ஸ்வார்' (2002) பாரிஸின் பொதுப் போக்குவரத்து வேலைநிறுத்த இரவு ஒன்றில் நடப்பது. காதலனோடு சேர்ந்து வாழப் போவதற்காகத் தன் வீட்டையே மூட்டைகட்டிவிட்ட ஒருத்தி, நெரிசலில் காரில் ஏறிக்கொண்ட அந்நியன் ஒருவனோடு அவ்விரவைக் கழிக்கிறாள். பழைய வீடு முடிந்து புதிய வீடு தொடங்காத ஒரே ஓர் இரவுதான் அந்தச் சந்திப்புக்கு இடம்தருகிறது. ஜான் கார்னியின் 'ஒன்ஸ்' (2007) டப்ளின் தெருப்பாடகன் ஒருவனையும் செக் நாட்டிலிருந்து வந்த ஒரு பெண்ணையும் பற்றியது. அவன் தந்தையோடு வாழ்கிறான். அவள் தாயோடும் குழந்தையோடும் வாழும் நெருக்கடியான குடியிருப்புக்கு அக்கம்பக்கத்தார் தொலைக்காட்சி பார்க்க வருகிறார்கள். இசைத்தட்டு பதிவாகிறது, காதல் நிறைவேறுவதில்லை. அலெக்ஸ் ஹோல்ட்ரிட்ஜின் 'இன் சர்ச் ஆஃப் எ மிட்நைட் கிஸ்' (2007) புத்தாண்டுக்கு முந்திய நாள் இணைய விளம்பரம் மூலம் சந்திக்கும் இருவரை லாஸ் ஏஞ்சலஸின் பழைய மையப்பகுதியில் கறுப்பு வெள்ளையில் அலையவிடுகிறது. அப்போது ஐந்து லட்சம் டாலருக்குள் எடுக்கப்பட்ட படங்களுக்கென வழங்கப்பட்ட ஜான் கசவெட்டிஸ் விருதைப் பெற்ற இப்படத்தின் நாயகன் திரைக்கதையாளனாகும் கனவோடு டெக்சஸிலிருந்து வந்து, நண்பனோடும் நண்பனின் காதலியோடும் ஒரே வீட்டில் ஒண்டியிருப்பவன். தனக்கென ஒரு கதவுகூட இல்லாதவனிடம் இணைவை எதிர்பார்ப்பது கடினம்.

நேர் எதிரான சான்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். ரெய்ன் ஆலன்-மில்லர் இயக்கி 2023 சன்டான்ஸ் விழாவில் முதலில் திரையிடப்பட்ட 'ரை லேன்' தெற்கு லண்டனின் பெக்கம், பிரிக்ஸ்டன் பகுதிகளில் ஒரே நாளில் சுற்றும் டாம், யாஸ் என்ற இரு கறுப்பின இளைஞர்களின் கதை. இருவரும் காதல் முறிவிலிருந்து மீளாதவர்கள். ஓவியக் கண்காட்சி ஒன்றின் கழிப்பறையில் சந்திக்கிறார்கள். பிரிக்ஸ்டனும் பெக்கமும் வாடகை உயர்வுக்கும் குடிபெயர்வுக்கும் ஆளான பகுதிகள்தான். அப்படியிருந்தும் படம் பளிச்சென்ற வண்ணங்களில், அகன்ற லென்ஸில், கொண்டாட்டமாகச் சென்று இருவரையும் சேர்த்துவைக்கிறது. இது என் வாதத்துக்கு விதிவிலக்கா? ஓரளவுக்கு ஆம், மூடாத முடிவு இவ்வகைக்குக் கட்டாயமில்லை என்பதை இப்படம் காட்டிவிட்டது. ஆனால் அந்த மகிழ்ச்சிக்கு அது கொடுக்கும் விலையையும் பார்க்க வேண்டும். கணக்காளனாக நல்ல வேலையிலிருக்கும் டாம், காதல் முறிந்ததும் பெற்றோர் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டவன். அவித்த முட்டையைத் தாய் தட்டில் வைத்துத் தரும் நிலைக்கு மீண்டவன். படம் இதை ஒரு நகைச்சுவையாக மட்டும் வைத்துக்கொண்டு கடந்துபோகிறது. இணைவு கொண்டாடப்படுகிறது, சேர்ந்தபின் இருவரும் எங்கே போவார்கள் என்ற கேள்வி எழாதபடி கதை நிறுத்தப்படுகிறது. பிபிசி, பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனம் போன்ற பொது அமைப்புகளின் நிதியும் பெரிய வெளியீட்டாளரும் பின்னால் இருக்கும் படம் பார்வையாளருக்கு மகிழ்ச்சி தரக் கடமைப்பட்டிருப்பதில் தவறில்லை. வீட்டைக் கேட்காமல் விடுவதுதான் அந்த மகிழ்ச்சிக்கான நிபந்தனை என்பது மட்டும் குறித்துக்கொள்ளத்தக்கது.

கடைசி மறுப்பு ஜோவின் வாயிலிருந்தே வருகிறது. எல்லாவற்றையும் இனத்தோடும் ஊரோடும் சேர்த்தே ஏன் பார்க்கிறாய், உன்னை நீயே ஏன் அந்த எண்ணுக்குள் அடைத்துக்கொள்கிறாய் என்ற பொருளில் அவள் மைகாவைக் கேட்கிறாள். காதலைப் பொருளாதாரத்துக்குள் அடைக்கும் இக்கட்டுரைக்கும் அக்கேள்வி பொருந்தும். படம் அவளுக்குத் தரும் மதிப்பு கவனிக்கத்தக்கது: பெண் இயக்குநர்களின் பெயர்கள் பொறித்த சட்டைகளைத் தானே செய்து அணிபவள் அவள், 'வாண்டா' படத்தை எடுத்த பார்பரா லோடனின் பெயரை மார்பில் சுமந்துகொண்டு திரிபவளுக்கு அடையாளத்தைப் பற்றி மைகா பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவர்களது சண்டையில் யார் சொல்வது சரி என்று ஜென்கின்ஸ் தீர்ப்புச் சொல்வதில்லை, நானும் சொல்ல முற்படவில்லை. யார் யாரை விரும்புவார்கள் என்பதை வாடகை தீர்மானிக்கிறது என்று சொன்னால் அது மூடத்தனம். இருவரது ஈர்ப்பும் அதன் சுதந்திரமும் படத்தில் மறுக்க முடியாதபடி இருக்கின்றன. நான் சொல்வது அதைவிடச் சிறியது: விருப்பம் எந்த வடிவத்தில் நிலைக்கலாம், கதை எந்த இடத்தில் முடியலாம் என்பதை வாடகை தீர்மானிக்கிறது. ஜோவின் கேள்விக்கு மைகாவிடம் நல்ல பதில் இல்லாமல் போவதற்கும் அதுவே காரணம். தன் வாசல் தனக்கு உறுதியாக உள்ளவர்கள் மட்டுமே அடையாளத்தை மறந்து காதலிக்க முடியும் என்று அவன் நினைக்கிறான். ஆனால் அவளது வாசலும் அவளுடையதன்று என்பதை அவன் காணத் தவறுகிறான்.

திறந்த முடிவை முதிர்ச்சி என்று புகழ்வதில் உள்ள சிக்கல் இங்கேதான். அப்படிப் புகழும்போது ஒரு பற்றாக்குறையை நாம் ரசனையாக மாற்றிவிடுகிறோம். இளைஞர்கள் சேராமல் போவது அவர்களது நுண்ணுணர்வின் அடையாளம் என்று நம்பத் தொடங்குகிறோம். நகைச்சுவை என்ற பழைய வடிவம் அவ்வளவு எளிதில் திருப்தியடைவதில்லை. ரோமானிய நாடகாசிரியர் பிளாட்டஸின் காலம் முதல் அது கேட்டுவந்தது ஒன்றுதான்: விரும்பிய இருவர் தங்கள் ஊரிலேயே குடியமர இடம் வேண்டும், தராத ஊர் திருந்த வேண்டும். ஜென்கின்ஸின் படம் அந்தக் கோரிக்கையை உரக்கச் சொல்லும் அளவுக்கு நகைச்சுவையின் விதிகளை மதிக்கிறது. நிறைவேறிவிட்டதாகப் பொய் சொல்லாத அளவுக்குத் தன் ஊரையும் அறிந்திருக்கிறது. எனவே இத்தகைய படங்களை எடைபோடும்போது இருவரும் சேர்ந்தார்களா என்ற கேள்வியோடு நின்றுவிட முடியாது. சேர்ந்தால் எங்கே வாழ்ந்திருப்பார்கள் என்று படம் யோசித்திருக்கிறதா என்பதே சரியான அளவுகோல். யோசித்த படத்தின் மூடாத முடிவு ஒரு குற்றச்சாட்டு. யோசிக்காத படத்தின் மூடாத முடிவு வெறும் நளினம்.